டீசல் டேங்க் ரேடார்: ஏறும்போது நடுவில் நின்றுவிடுகிறது, இறங்கும்போது திடீரென்று பூச்சியம் காட்டுகிறது

#1 ஏணிப்படி

வணக்கம். பத்து நாளாக ஒரு டேங்க் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

நிமிர்ந்த உருளை டேங்க், விட்டம் 6 மீட்டர், கூம்புக் கூரை, தட்டையான அடி. உள்ளே டீசல். மேலே 26 கிகாஹெர்ட்ஸ் பல்ஸ் ரேடார், அதாவது அலையைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எக்கோவை வைத்து டீசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி. ஹார்ன் ஆன்டெனா, இரண்டு வயர், லெவலை 4-20 மில்லியாம்ப் கரன்டாக அனுப்பும். ஃபிளாஞ்ச் (கருவியைப் போல்ட் போட்டு மாட்டும் வளையத் தட்டு) முகத்திலிருந்து அடித்தட்டு வரை 8.40 மீட்டர் என்று வரைபடத்தில் இருக்கிறது. 4 மில்லியாம்புக்கு 8.40, 20 மில்லியாம்புக்கு 0.90 என்று செட் செய்திருக்கிறார்கள். அதாவது 0 முதல் 7.50 மீட்டர் வரை லெவல். பொருத்தியது வெளியாட்கள். ஒரே நாளில் முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று டேங்கில் சுமார் 5 மீட்டர் டீசல் இருந்தது.

தொந்தரவு மூன்று.

ஒன்று, டிப் டேப் (நுனியில் குண்டு கட்டி டேங்குக்குள் இறக்கும் அளவு நாடா) போட்டுப் பார்த்தால் ரேடார் எப்போதும் 60 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, அதே 60.

இரண்டு, டேங்க் நிரப்பும்போது 4.86 வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, டீசல் ஏறிக்கொண்டிருக்கிறது, கண்ட்ரோல் ரூமில் கோடு மட்டும் தட்டையாகப் போகிறது. இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரே தாவில் 5.20.

மூன்று, டீசல் இறங்கி ஒரு மீட்டருக்குக் கீழே வந்தால் திடீரென்று பூச்சியம். கரன்ட் 3.8 மில்லியாம்ப். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியான அளவுக்கு வருகிறது, மறுபடி விழுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

#2 லூப்24

முதலில் கருவியா, வயரிங்கா என்று பிரித்துவிடுங்கள். இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டரில் சப்ளை பற்றாமல் போனால் கரன்ட் ஏற ஏறத்தான் குறை தெரியும். 24 வோல்ட் சப்ளை, 250 ஓம் ரெசிஸ்டர் என்றால் 22 மில்லியாம்பில் 5.5 வோல்ட் அதிலேயே போய்விடும். கேபிள் நீளம், பேரியர் (வெடிப்பு அபாயப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் கருவி) இருந்தால் அதன் இழப்பு, எல்லாம் கழித்து டெர்மினலில் மிஞ்சுவது கருவி கேட்கும் குறைந்தபட்ச வோல்ட்டேஜுக்கு மேலே இருக்க வேண்டும்.

கருவியிலேயே 4, 12, 20 என்று சிமுலேட் செய்து, கண்ட்ரோல் ரூமில் 0, 3.75, 7.50 வருகிறதா பாருங்கள். 20 வைத்திருக்கும்போதே டெர்மினலில் மீட்டர் வையுங்கள். இன்னொன்று: 4.86ல் நிற்கும் சமயத்தில் கருவியின் சொந்த டிஸ்ப்ளே என்ன காட்டுகிறது? அதுவும் நின்றால் கேபிளை மறந்துவிடலாம்.

#3 ஏணிப்படி

பார்த்துவிட்டேன். சிமுலேஷன் மூன்றும் சரி. 20 மில்லியாம்பில் டெர்மினலில் 18.4 வோல்ட். நேற்று நிரப்பும்போது மேலேயே நின்றேன், டிஸ்ப்ளேயும் 4.86ல்தான் நின்றது. ஆக வயரிங் இல்லை.

#4 காற்றாடி

நிரப்பும்போது மேற்பரப்பு கலங்கும், எக்கோ சிதறும். டாம்பிங்கை, அதாவது அளவின் ஆட்டத்தைச் சராசரியாக்கி மெதுவாகக் காட்டும் செட்டிங்கை, 60 நொடிக்கு ஏற்றுங்கள். எக்கோ போனால் கடைசி அளவையே பிடித்துக்கொள்ளும்படி வையுங்கள். எங்கள் இடத்தில் எல்லா டேங்கிலும் அப்படித்தான், ராத்திரி அலாரம் தொல்லை நின்றது.

#5 தொட்டிமேடு

தம்பி ஏணிப்படி, டாம்பிங்கில் கை வைக்காதீர்கள். டாம்பிங் என்பது நடுங்கும் கையைப் பிடித்துக்கொள்வது மாதிரி. கண் தப்பாகப் பார்த்தால் கையைப் பிடித்து என்ன பயன்? உங்கள் ரேடார் நடுங்கவில்லை, வேறு எதையோ பார்க்கிறது அல்லது எதையும் பார்க்கவில்லை. கடைசி அளவைப் பிடித்துவைக்கும் அமைப்பு ஏற்கெனவே உங்கள் கருவியில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் கோடு தட்டையாகப் போகாது, ஃபால்ட் வந்திருக்கும்.

டீசலில் ரேடார் வைப்பது தண்ணீரில் வைப்பது மாதிரி இல்லை. டீசலின் டைஎலக்ட்ரிக் மாறிலி 2.1 அளவில்தான். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையின் வீச்சைக் கணக்கிட, அந்த மாறிலியின் வர்க்கமூலத்தை எடுங்கள், 1.45. அதில் ஒன்றைக் கழித்ததை, ஒன்றைக் கூட்டியதால் வகுத்தால் 0.18. ஆற்றலாகப் பார்த்தால் அதன் வர்க்கம், நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சம். அவ்வளவுதான் திரும்பி வரும். தண்ணீர் என்றால் இதே அதிர்வெண்ணில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆகவே தண்ணீர்த் தொட்டியில் கண்டுகொள்ளாமல் விடும் சின்னத் தப்பெல்லாம் டீசலில் பெரிதாகிவிடும்.

எனக்கு வேண்டியது இவை.

எக்கோ கர்வ் (எந்தத் தூரத்தில் எவ்வளவு பலமான எக்கோ என்று கருவி காட்டும் படம்), மூன்று வெவ்வேறு லெவலில். மேப்பிங் கோடும் (பொய் எக்கோ என்று கருவி ஒதுக்கிவைத்தவற்றின் கோடு) அதன் மேலேயே தெரியும்படி எடுங்கள்.
மேப்பிங் எந்தத் தூரம் வரை சேமிக்கப்பட்டிருக்கிறது.
எக்கோ இழந்தால் அவுட்புட் என்ன செய்யும் என்ற செட்டிங்.
நாசிலின் (கூரையில் கருவி உட்காரும் குட்டைக் குழாயின்) உயரம், விட்டம், சுவரிலிருந்து தூரம். ஹார்னின் நுனி நாசிலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா?
உள்ளே ஏணி, குழாய், நிரப்பும் வாய் எங்கே.

எக்கோ கர்வ் பார்க்காமல் ரேடாரைச் சரி செய்வது, எக்ஸ்ரே எடுக்காமல் எலும்பு கட்டுவது மாதிரி.

#6 ஏணிப்படி

அண்ணா, எல்லாம் எடுத்துவிட்டேன்.

நாசில் 4 அங்குலம், உயரம் 250 மி.மீ. ஹார்னின் நுனி நாசிலுக்குள்ளேயே 40 மி.மீ. மேலே நிற்கிறது. நாசில் டேங்க் கூரையோடு சேரும் இடத்தில் உள்பக்கம் வெல்டு புடைப்பு இருக்கிறது. சுவரிலிருந்து நாசில் நடு வரை 700 மி.மீ. நிரப்பும் குழாய் எதிர்ப்பக்கம், அது நல்லது. உள் ஏணி இந்தப் பக்கம்தான், ஒரு மீட்டர் தள்ளி.

எக்கோ இழப்பு: நீங்கள் சொன்னதேதான், 'பிடித்துவை' என்று இருக்கிறது.

மேப்பிங் எல்லை: 8.40 மீட்டர்.

கர்வில் என்ன தெரிகிறது என்றால், முதல் 0.4 மீட்டருக்குள் ஒரு பெரிய குவியல். 3.4 மீட்டரில் மேப்பிங் கோடு மலை மாதிரி எழும்பி நிற்கிறது. டீசல் அதற்குக் கீழே இருக்கும்போதெல்லாம் 4.1 மீட்டரில் ஒரு எக்கோ, டீசல் ஏறினாலும் இறங்கினாலும் அது நகர்வதில்லை. 

#7 தொட்டிமேடு

3.4 மீட்டரில் நிற்கும் அந்த மலைதான் உங்கள் இரண்டாவது தொந்தரவு.

பொருத்திய அன்று டேங்கில் 5 மீட்டர் டீசல் என்றீர்கள். 8.40லிருந்து 5ஐக் கழித்தால் 3.40. அன்று ரேடாருக்கு டீசலின் மேற்பரப்பு 3.40 மீட்டர் தூரத்தில் தெரிந்தது. மேப்பிங் என்றால் என்ன? 'இந்தத் தூரம் வரை நீ பார்க்கும் எக்கோ எல்லாம் பொய், இனிமேல் பொருட்படுத்தாதே' என்று கருவிக்குச் சொல்லிக்கொடுப்பது. எல்லையை 8.40 என்று கொடுத்து பட்டனை அழுத்தியதால் ஏணி, வெல்டு, இவற்றோடு டீசலையும் பொய் என்று எழுதிவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து டீசல் எப்போதெல்லாம் 5 மீட்டரை நெருங்குகிறதோ அப்போதெல்லாம் உண்மையான எக்கோ அந்த மலைக்குள் மறைகிறது. கருவி கடைசி அளவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மறுபக்கம் வெளியே வந்ததும் 5.20க்குத் தாவுகிறது. கருவியில் பழுது ஒன்றுமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறது.

மேப்பிங்கின் ஒரே விதி: அந்த நேரத்தில் திரவம் இருக்கும் இடத்துக்கு அரை மீட்டர் முன்னாலேயே எல்லை நிற்க வேண்டும். அன்றே 2.90 என்று கொடுத்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது. அந்த 3.40ஐயும் ஊகத்தில் எடுக்கக் கூடாது, டிப் போட்டுவிட்டு வந்து எழுத வேண்டும். டேங்க் காலியாக இருக்கும்போது செய்தால் இன்னும் நல்லது, முழு உயரமும் ஒரே தடவையில் சுத்தமாகிவிடும்.

இனி செய்ய வேண்டியது. பழைய மேப்பிங்கை முழுக்க அழியுங்கள். உடனே புதிது எடுக்காதீர்கள். முதலில் பொய் எக்கோக்களை எக்கோவாகவே குறையுங்கள். எஞ்சியதற்குத்தான் மேப்பிங்.

ஹார்ன் நாசிலுக்குள் ஒளிந்திருப்பது முதல் குறை. அந்த 0.4 மீட்டர் குவியல் அதிலிருந்தும் வெல்டு புடைப்பிலிருந்தும் வருவது. நுனி குறைந்தது 10 மி.மீ.யாவது நாசிலைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். அதே கருவிக்கு ஆன்டெனா நீட்டிப்புக் குழாய் கிடைக்கும், வாங்குங்கள். வெல்டை கிரைண்ட் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டீசல் இருக்கும் டேங்கின் வாயில் தீப்பொறி. டேங்கைக் காலி செய்து, வாயு நீக்கி, சோதித்து, ஹாட் வொர்க் பெர்மிட்டோடு செய்யும் வேலை அது. ஒரு நீட்டிப்புக் குழாயில் முடிவதற்கு அந்த ஆபத்து தேவையே இல்லை.

இரண்டாவது, 4.1 மீட்டர் எக்கோ. ஏணியின் பிடிமானம் ஏதாவது அந்த உயரத்தில் இருக்கும். இந்த ஹார்னின் கற்றை சுமார் 10 டிகிரி. 8 மீட்டர் தூரத்தில் கற்றையின் விட்டம் 1.40 மீட்டர், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் 700 மி.மீ. நீங்கள் சுவரிலிருந்து 700ல் இருக்கிறீர்கள். அடியை நெருங்கும்போது கற்றை சுவரைத் தடவிக்கொண்டுதான் போகும். வேறு நாசில் கிடையாது என்றால் கருவியைத் திருப்பிப் பாருங்கள். ரேடார் அலைக்கு ஒரு துருவத் திசை உண்டு, அதற்கு அடையாளம் ஃபிளாஞ்சிலோ கழுத்திலோ ஒரு கோடாகவோ புள்ளியாகவோ இருக்கும். ஏணி போன்ற நீளவாக்குப் பொருள் எந்தத் திசையில் கற்றையைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்து எக்கோ கூடும், குறையும். 4 அங்குல ஃபிளாஞ்சுக்கு எட்டு போல்ட். ஒரு ஓட்டை நகர்த்தினால் 45 டிகிரி. தலையை மட்டும் திருப்பினால் போதாது, தலை திரும்பும், ஆன்டெனா திரும்பாது. ஃபிளாஞ்சோடு சேர்த்துத் திருப்ப வேண்டும்.

#8 கிடங்குக்காவல்

காற்றாடி அவர்கள் சொன்ன 'பிடித்துவை' பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இதைச் சும்மா கடந்துபோக என்னால் முடியாது.

2005 டிசம்பர் 11, இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு. 912ஆம் எண் டேங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணி வாக்கில் மட்டமானி ஒரே அளவில் நின்றுவிட்டது. திரையில் கோடு தட்டை, டேங்கில் பெட்ரோல் மேலே மேலே. தனியாக வைத்திருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. டேங்க் வழிந்தது, ஆவி மேகமாகப் பரவியது, 6:01க்கு வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயம். ஞாயிறு அதிகாலை என்பதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. அங்கே இருந்தது சர்வோ வகை மட்டமானி, ரேடார் இல்லை, நின்ற காரணமும் வேறு. ஆனால் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவர் பார்த்த காட்சி, ஏணிப்படி எழுதிய அதே காட்சிதான்: பம்ப் ஓடுகிறது, கோடு நகரவில்லை.

கருவிக்குத் தெரியாதபோது தெரியாது என்று சொல்ல வேண்டும். கடைசியாகத் தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது. எக்கோ இழந்தால் ஃபால்ட் கரன்ட்: 3.6 மில்லியாம்போ அதற்குக் கீழோ, அல்லது 21க்கு மேலோ. சேமிப்பு டேங்குக்கு மேல்பக்கம் போவதே நல்லது, பம்ப் நிற்கும் திசை அது. நிரப்பும்போது கோடு பத்து நிமிடம் நகராவிட்டால் கண்ட்ரோல் சிஸ்டத்திலேயே ஒரு அலாரம் எழுதிவையுங்கள். பம்ப் ஓடுகிறது, லெவல் மாறவில்லை, இவ்வளவுதான் நிபந்தனை.

உயர்மட்ட சுவிட்ச் உங்கள் டேங்கில் தனியாக இருக்கிறதா ஏணிப்படி? இதே ரேடாரின் சிக்னலிலிருந்து எடுத்த உயர் அலாரத்தைச் சுவிட்ச் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

#9 காற்றாடி

கிடங்குக்காவல், படித்ததும் மனசு கனத்தது. நான் 'பிடித்துவை' வைத்ததற்குக் காரணம் இருந்தது. ராத்திரி நிரப்பும்போது இரண்டு நொடி, மூன்று நொடி எக்கோ போய் வரும், ஒவ்வொரு தடவையும் அலாரம். பத்து தடவை வந்தால் பதினோராவது தடவை யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. அதுவும் ஆபத்துதானே?

#10 கிடங்குக்காவல்

நியாயமான கேள்வி. அதற்குத்தான் தாமத நேரம் என்று தனி செட்டிங் இருக்கிறது. எக்கோ போனால் 30 நொடியோ 60 நொடியோ பிடித்துவைக்கட்டும், அதற்குள் திரும்பாவிட்டால் ஃபால்ட். உங்கள் பம்ப் ஒரு நிமிடத்தில் எத்தனை மி.மீ. ஏற்றும் என்று கணக்குப் போடுங்கள், உயர் அலாரத்துக்கும் வழிவதற்கும் இடையில் இருக்கும் உயரத்தோடு ஒப்பிட்டு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிவே இல்லாமல் பிடித்துவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அப்படியும் அடிக்கடி அலாரம் வந்தால் எக்கோ ஏன் போகிறது என்று பார்க்க வேண்டும், தொட்டிமேடு சொன்ன மாதிரி.

#11 காற்றாடி

சரி. நாளைக்கே எங்கள் டேங்குகளில் பார்த்து மாற்றுகிறேன். மேப்பிங் எல்லையையும் பார்க்கிறேன்.

#12 வரைகோடு

மூன்றாவது தொந்தரவை யாரும் தொடவில்லையே. அடியில் 3.8 மில்லியாம்ப் என்பது முக்கியமான தடயம். 3.8 ஃபால்ட் கரன்ட் இல்லை. அளக்கும் எல்லையின் கீழ்முனை அது. 'எக்கோ கிடைக்கவில்லை' என்று கருவி சொல்லவில்லை, 'எக்கோ கிடைத்தது, லெவல் பூச்சியத்துக்கும் கீழே' என்கிறது. டேங்கின் அடிக்கும் கீழே எப்படி லெவல் போகும்?

டீசலின் மேற்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான் திரும்புகிறது என்று தொட்டிமேடு சொன்னார். மிச்சம் எங்கே போகிறது? டீசலுக்குள்ளே இறங்கி, அடித்தட்டு இரும்பில் மோதி, மேலே வருகிறது. இரும்பு ஏறக்குறைய முழுவதையும் திருப்பிவிடும். டீசல் குறைவாக இருக்கும்போது அடியின் எக்கோ மேற்பரப்பின் எக்கோவைவிடப் பலமாக இருக்கும். கருவி பலமானதைப் பிடிக்கிறது.

அடுத்தது இன்னும் அழகான விஷயம். டீசலுக்குள் அலை மெதுவாகப் போகும், காற்றில் போவதில் 1.45இல் ஒரு பங்கு வேகத்தில். நேரம் அதிகமாவதால் கருவிக்கு அடித்தட்டு அதன் உண்மையான இடத்துக்கும் கீழே இருப்பதாகத் தெரியும். ஒரு மீட்டர் டீசல் இருந்தால் அடித்தட்டு 0.45 மீட்டர் கீழே இறங்கினது போல் தோன்றும். ஆகவே 8.40ல் இருக்க வேண்டிய எக்கோ 8.85ல் வரும். லெவல் மைனஸ். கரன்ட் 3.8ல் முட்டிக்கொண்டு நிற்கும்.

டீசல் நிறைய இருக்கும்போது ஏன் இந்தத் தொந்தரவு இல்லை? 3 மீட்டர் டீசல் என்றால் அடி எக்கோ 9.75ல் தோன்றும். கருவி டேங்க் உயரத்துக்கு அப்பால் கொஞ்ச தூரம்தான் தேடும், அந்த எல்லைக்கு வெளியே அது போய்விடுகிறது.

ஏணிப்படி, அடுத்த தடவை அளவு பூச்சியத்துக்கு விழும்போது கர்வில் 8.40க்கு அப்பால் பாருங்கள். அங்கே ஒரு எக்கோ இருக்கும். அதன் தூரத்தையும், அதே நேரத்தில் மேற்பரப்பு எக்கோ இருக்கும் தூரத்தையும், டிப் அளவையும் மூன்றையும் எழுதுங்கள்.

#13 ஏணிப்படி

மேடம், இன்று காலை கிடைத்தது. டிப் 0.74. மேற்பரப்பு எக்கோ சின்னதாக 7.60ல். கர்வில் அதைப்போல இரண்டு மடங்கு உயரமான இன்னொன்று, 8.76ல்.

நீங்கள் சொன்ன இடத்தில் அப்படியே இருந்தது. கூரை மேல் நின்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டேங்கின் அடிக்கு 36 செ.மீ. கீழே, தரைக்குள்ளே இன்னொரு அடித்தட்டு.

#14 வரைகோடு

நீங்கள் கேட்காமலேயே முதல் தொந்தரவுக்கும் இதில் பதில் வந்துவிட்டது. 8.76லிருந்து 8.40ஐக் கழித்தால் 0.36. அதை 0.45ஆல் வகுத்தால் 0.80 மீட்டர் டீசல். மேற்பரப்பு எக்கோ 7.60, 8.40லிருந்து கழித்தால் அதுவும் 0.80. இரண்டு வேறு வழிகள், ஒரே விடை. டிப் மட்டும் 0.74.

வரைபடத்தில் 8.40 என்பது தப்பாக இருந்து, உண்மையான அடி 8.34ல் இருந்தால் என்ன ஆகும்? அடி எக்கோ 8.67 வாக்கில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆக 8.40 சரி, ரேடாரும் சரி. டிப் டேப் எங்கேயோ 60 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. டிப் வாயின் நேர் கீழே அடித்தட்டின் மேல் ஒரு தட்டு வெல்டு செய்திருப்பார்கள், டேப்பின் குண்டு அதில் இறங்கும். அதன் உயரம் வரைபடத்தில் இருக்கிறதா பாருங்கள்.

#15 ஏணிப்படி

இருக்கிறது. டிப் தட்டு, அடியிலிருந்து 60 மி.மீ. பத்து நாளாக ரேடாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் எதை மாற்றுவது? கொள்ளளவு அட்டவணை டிப் தட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

#16 தொட்டிமேடு

அட்டவணை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் 0. கணக்கு எழுதுபவர், நிரப்புபவர், கண்ட்ரோல் ரூம் எல்லாரும் ஒரே பூச்சியத்திலிருந்து பேச வேண்டும். உங்கள் டேங்கின் பரப்பு 28.27 சதுர மீட்டர், 60 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1,700 லிட்டர். ஒவ்வொரு கணக்கிலும் இந்த வித்தியாசம் தலைகாட்டியிருக்கும்.

4 மில்லியாம்பை 8.34க்கும் 20 மில்லியாம்பை 0.84க்கும் மாற்றுங்கள். 7.50 மீட்டர் வீச்சு மாறாது, கண்ட்ரோல் ரூமில் ஸ்கேல் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் உயர் அலாரங்கள் எல்லாம் இப்போது எந்தப் பூச்சியத்திலிருந்து எழுதப்பட்டவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், 60 மி.மீ. நகர்ந்திருக்கும். கருவியில் டேங்க் உயரம் என்ற செட்டிங் தனியாக இருந்தால் அது 8.40 ஆகவே இருக்கட்டும். அடி எக்கோவைக் கருவி அடையாளம் கண்டுகொள்வது அந்த எண்ணை வைத்துத்தான். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் மாடல் என்றால் உயரத்தைத் தொடாமல் லெவல் ஆஃப்செட்டில் மைனஸ் 60 கொடுங்கள்.

அடித் தொந்தரவுக்கு: திரவ வகையில் குறைந்த டைஎலக்ட்ரிக் பிரிவைத் தேர்ந்தெடுங்கள், இப்போது என்ன இருக்கிறதோ பாருங்கள். பலமான எக்கோவைவிட முதல் எக்கோவுக்கு முன்னுரிமை என்ற செட்டிங் இருந்தால் அதைப் போடுங்கள். ஆனால் முதல் எக்கோவை நம்புவதற்கு முன்னால் நாசில் குவியலும் ஏணியும் ஒழிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் எக்கோ ஏணியாகிவிடும். ஆகவே வரிசை மாற்றாதீர்கள்: நீட்டிப்பு, திருப்பல், மேப்பிங், கடைசியில் இது.

#17 வரைகோடு

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால் அடி எக்கோ இரும்பிலிருந்து வராது, தண்ணீரின் மேல்பரப்பிலிருந்து வரும். அப்போது அது எதிர்பார்த்த இடத்தைவிட மேலே தெரியும். தண்ணீர் வடித்த பிறகு அடி எக்கோ எங்கே இருந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட உதவும். தண்ணீரின் உயரத்தை அளக்க இது போதாது, அதற்கு டேப்பில் தண்ணீர் பசை (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) தடவித்தான் பார்க்க வேண்டும்.

#18 மழைக்காகம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். புதிதாக வாங்கினால் 80 கிகாஹெர்ட்ஸ் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி எல்லாம் இல்லை என்கிறார்களே?

#19 தொட்டிமேடு

கற்றை குறுகும் என்பது உண்மை. இதே அளவு ஆன்டெனாவில் 3, 4 டிகிரிக்கு வந்துவிடும், 8 மீட்டரில் அரை மீட்டர் விட்டம். இந்த ஏணியின் எக்கோ இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. ஆனால் குறுகிய கற்றைக்குச் செங்குத்து முக்கியம். ஃபிளாஞ்ச் 2 டிகிரி சாய்ந்திருந்தால் 8 மீட்டர் கீழே கற்றையின் நடு 28 செ.மீ. விலகிப்போகும், தட்டையான மேற்பரப்பு எக்கோவை வேறு பக்கம் அனுப்பிவிடும். கூம்புக் கூரையில் நாசில் சாய்ந்து வெல்டு ஆகியிருப்பது சகஜம். ஃபிளாஞ்சின் மேல் ரசமட்டம் வைத்து இரு திசையிலும் பார்த்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். கெட்டியான நுரை இருக்கும் டேங்குக்கு அதிர்வெண் குறைந்ததே தாங்கும், அல்லது கம்பி வழியே அலை போகும் கைடட் ரேடார்.

டீசலின் அடி எக்கோவும், மேப்பிங்கில் செய்யும் தப்பும் 80லும் அதேபடிதான்.

#20 ஏணிப்படி

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

நீட்டிப்புக் குழாய் வந்தது. பெர்மிட் எடுத்து, நிரப்புவதை நிறுத்தி, கருவியைக் கழற்றி மாட்டினோம். நுனி இப்போது நாசிலுக்கு வெளியே 20 மி.மீ. குவியல் பாதியாகச் சுருங்கிவிட்டது. ரசமட்டம் வைத்தேன், சாய்வு இல்லை.

பிறகு திருப்பல். முதல் நிலையில் 4.1 மீட்டர் எக்கோ 38 டெசிபெல். போல்ட்டைக் கழற்றி ஒரு ஓட்டை நகர்த்தினோம், 31. இன்னொரு ஓட்டை, 24. மூன்றாவதில் மறுபடி ஏறியது, ஒன்று பின்னால் வந்து நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் கேஸ்கெட்டைப் பார்த்து, எதிரெதிராக இறுக்கி, கர்வ் நிலைக்கும் வரை காத்திருந்தோம். வெயிலில் மூன்று மணி நேரம் ஆனது.

டிப் 0.74 வரும் வரை காத்திருந்து மேப்பிங் எடுத்தேன். மேற்பரப்பு 7.60ல், எல்லை 7.00 கொடுத்தேன். 3.4ல் இருந்த மலை இப்போது இல்லை. திரவ வகை 'தண்ணீர் சார்ந்தவை' என்று இருந்தது, மாற்றினேன். முதல் எக்கோ முன்னுரிமை போட்டேன்.

எக்கோ இழப்பு: 30 நொடி, அதற்குப் பிறகு 22 மில்லியாம்ப். எங்கள் பம்ப் நிமிடத்துக்கு 14 மி.மீ.தான் ஏற்றுகிறது, 30 நொடிக்கு 7 மி.மீ. கண்ட்ரோல் ரூமில் 'பம்ப் ஓடுகிறது, லெவல் நகரவில்லை' அலாரமும் எழுதிவிட்டார்கள்.

நேற்று முழுவதும் நிரப்பினோம். டிப் 0.74, ரேடார் 0.74. டிப் 2.31, ரேடார் 2.31. 4.80லிருந்து 5.20 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிப் போட்டேன், கோடு எங்கேயும் நிற்கவில்லை, அதிகபட்ச வித்தியாசம் 4 மி.மீ. 6.92ல் நிறுத்தினோம்.

கிடங்குக்காவல் கேட்ட கேள்விக்கு: உயர்மட்ட சுவிட்ச் தனியாக இருக்கிறது, மிதவை வகை, வேறு நாசில், வேறு கேபிள். ஆனால் கடைசியாகச் சோதித்த தேதி எங்கேயும் எழுதப்படவில்லை. இனி அதைச் சோதிக்கும் வரை 6.50க்கு மேல் நிரப்புவதில்லை என்று எழுதி வாங்கிவிட்டேன்.

#21 கிடங்குக்காவல்

நல்ல முடிவு. சோதிக்கும்போது சுவிட்சின் காண்டாக்டை மட்டும் ஷார்ட் செய்து அலாரம் வருகிறதா என்று பார்த்துவிட்டு விடாதீர்கள். மிதவையை உண்மையிலேயே தூக்கிப் பாருங்கள். பம்ப் நிற்கிறதா என்பது வரை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

#22 தொட்டிமேடு

தம்பி, கர்வ் மூன்றும் சேமித்தீர்களா? காலியில் ஒன்று, நடுவில் ஒன்று, நிறைந்ததில் ஒன்று. இரண்டு வருடம் கழித்து ஆன்டெனாவில் அழுக்குப் பிடித்தால் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

#23 ஏணிப்படி

மூன்றும் சேமித்தாயிற்று அண்ணா. மேப்பிங் எடுத்த தேதி, அன்றைய டிப் அளவு, மேப்பிங் எல்லை 7.00, ஃபிளாஞ்ச் எந்த ஓட்டையில் நிற்கிறது, இவ்வளவும் ஒரு சீட்டில் எழுதி டிரான்ஸ்மிட்டர் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். மிதவை சுவிட்ச் சோதனை திங்கட்கிழமை.